முக்கால் கிலோ எடையில் ஒரு படம்

ஜார்ஜியா என்றதும் நம் இளையர் பலருக்கு அமெரிக்க மாநிலம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அந்த மாநிலத்தை அல்ல, ஒரு நாட்டை. கருங்கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் சிறிய நாடு அது. தலைநகர் திபிலீசி. அதன் வடக்கு எல்லையில் காக்கசஸ் மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. அந்நாட்டின் ஆக உயர்ந்த சிகரமான ஷ்காரா 5,000 மீட்டரைத் தாண்டியது. நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும்.

ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன் அந்த மலைகளைத் தேடி ஓர் இளைஞர் மூன்று முறை வந்தார். அவர் ஜார்ஜியர் அல்லர், இத்தாலியர். பெயர் விட்டோரியோ செல்லா. சிறந்த மலையேறி. மலைகளைப் படமெடுத்தவர்களில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் இன்றும் மிகச் சிலர் என்பது என் கருத்து.

அவருடைய படங்களை முதலில் அழகுக்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க வேறொன்று என்னை ஈர்த்தது. படமெடுத்தபோது அவர் எண்ணிக்கூடப் பார்த்திருக்க முடியாத ஒரு வேலையை, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு, அந்தப் படங்கள் செய்துகொண்டிருக்கின்றன. அது எப்படிச் சாத்தியமானது என்பதைத்தான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கம்பளி ஆலைக் குடும்பம்

செல்லா 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி வட இத்தாலியின் பியெல்லா நகரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. கம்பளித் துணிக்குப் பெயர் போனது. அவருடைய குடும்பமும் கம்பளி ஆலை நடத்திய குடும்பம்தான்.

அந்த வீட்டில் இரண்டு ஆர்வங்கள் இருந்தன. தந்தை ஜுசெப்பே வெனான்சியோ செல்லாவுக்குப் புகைப்படக் கலை. கலை புதிதாய் இருந்த காலத்திலேயே, 1856ஆம் ஆண்டில், அதைப் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். சித்தப்பா குயின்டினோ செல்லா இத்தாலியின் நிதியமைச்சராக இருந்தவர். மலையேற்றத்தில் பெரும் பற்றுக் கொண்ட அவர் 1863ஆம் ஆண்டில் இத்தாலிய ஆல்ப்ஸ் மன்றத்தைத் தோற்றுவித்தார்.

தந்தையிடமிருந்து கேமராவையும் சித்தப்பாவிடமிருந்து மலையையும் விட்டோரியோ எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஆனால் வீட்டில் வசதி இருந்ததால் மட்டும் அவர் உயரவில்லை. 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம், 22 வயதில், மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் குளிர்காலத்தில் ஏறிக் கடந்த முதல் குழுவில் அவர் இருந்தார். உடன் சென்றவர்கள் கேரல் குடும்பத்தைச் சேர்ந்த வழிகாட்டிகள். இத்தாலியப் பக்கமாக ஏறி, சுவிட்சர்லாந்துப் பக்கமாக இறங்கினார்கள். கோடையிலேயே ஆபத்தான மலை அது. பிறகு 1884ல் மான்டே ரோசா, 1888ல் மோன் பிளாங்க் என்று குளிர்கால மலையேற்றங்களில் தொடர்ந்து தடம் பதித்தார்.

கண்ணாடியின் கணக்கு

இப்போது அவர் தூக்கிச் சென்ற கருவியைப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் படம் கண்ணாடித் தகட்டில் பதிவானது. செல்லா கற்றுக்கொண்ட தொடக்க ஆண்டுகளில் இருந்தது ‘ஈரத் தகடு’ முறை. கண்ணாடியின்மேல் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வேலை முடிய வேண்டும். மலைமேல் இதைச் செய்ய வேண்டுமானால் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர் எல்லாம் கூடவே ஏற வேண்டும்.

1880ஆம் ஆண்டு வாக்கில் ஜெலட்டின் பூசிய உலர் தகடுகள் கடைகளுக்கு வந்தன. இருட்டுக் கூடாரம் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்தே தகடுகளைக் கொண்டுபோய், திரும்பி வந்து கழுவிக்கொள்ளலாம். ஆனால் எடை குறையவில்லை. படத்தை இருட்டறையில் பெரிதாக்குவது அன்று எளிதன்று. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தகடு வேண்டும். செல்லா பயன்படுத்திய தகடுகளின் அளவு 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு செய்தித்தாளின் அரைப் பக்கம்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடியின் தடிமன் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 x 40 x 0.25 என்றால் 300 கன சென்டிமீட்டர். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம். ஆக, ஒரு தகட்டின் எடை 750 கிராம். ஒரு படத்துக்கு முக்கால் கிலோ. ஒரு டஜன் படத்துக்கு 9 கிலோ. இதற்குமேல் கேமரா, முக்காலி, கயிறு, பனிக்கோடரி, உணவு, கூடாரம்.

எடையை விடவும் பெரிய கவலை, அது கண்ணாடி என்பது. குதிரையின் முதுகில் குலுங்கினால் உடையும். பனிச்சரிவில் ஒருவர் சறுக்கினால் உடையும். அதற்காகவே குதிரைச் சேணங்களையும் முதுகுப் பைகளையும் செல்லா தாமே மாற்றி அமைத்துக்கொண்டார். கம்பளி ஆலையில் வளர்ந்தவருக்குக் கைவேலை வந்தது.

இதில் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தச் சுமையை அவர் தனியாகத் தூக்கவில்லை. பியெல்லா வட்டார மலைவாசிகள், காக்கசஸ் கிராமத்தார், பின்னாளில் இமயமலைச் சுமைதூக்கிகள், காரக்கோரம் பகுதியின் பால்ட்டி மக்கள் என்று பலருடைய முதுகில் ஏறித்தான் அந்தத் தகடுகள் பயணம் செய்தன. செல்லாவின் பல படங்களில் பனிவெளியில் எறும்பு வரிசைபோல் நடப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களைப் பார்த்த பிறகுதான் பின்னால் நிற்கும் மலை எவ்வளவு பெரியது என்று நமக்கே புரிகிறது.

ஒரு படம் இவ்வளவு விலை கேட்கும்போது யாரும் அவசரப்பட்டு எடுக்க மாட்டார்கள். எந்த இடத்தில் நிற்பது, நிழல் எந்தப் பக்கம் விழும், மேகம் விலகுமா என்று காத்திருப்பார்கள். எடுத்த பிறகு, எந்தத் தகடு எந்த மலை என்று குறித்து வைப்பார்கள். செல்லா அப்படித்தான் வேலை செய்தார்.

திரும்பி வராத நால்வர்

காக்கசஸ் மலைகளுக்குச் செல்லா முதன்முதலாகப் போனது 1889ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே நடந்த ஒரு துயரத்தைச் சொன்னால்தான் அந்தப் பயணத்தின் ஆபத்து புரியும்.

வில்லியம் டான்கின் என்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியல் விரிவுரையாளர். மலைப் படங்களுக்கு அன்று பெயர் பெற்றிருந்தவர். 1888ஆம் ஆண்டு அவரும் ஹென்றி ஃபாக்ஸ் என்ற மலையேறியும், இரு சுவிஸ் வழிகாட்டிகளும் காக்கசஸ் மலைத்தொடரின் வடபகுதியில் ஒரு சிகரத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுடன் வந்த கிளின்டன் டென்ட், உடல்நலம் குன்றியதால் முன்னதாகவே நாடு திரும்பிவிட்டார். மற்ற நால்வரும் திரும்பி வரவே இல்லை.

உள்ளூர் மலைவாசிகள் அவர்களைக் கொன்றிருப்பார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது. அந்தப் பகுதி அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கொலைப் பழி ஒரு கிராமத்தின்மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறு ஆண்டு கோடையில் டென்டும், டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்ட் என்ற மலையேறியும், நண்பர்கள் சிலரும் தேடிப் போனார்கள். கிராமத்தார் யாரும் போகாத உயரத்தில், பாறைச் சரிவு ஒன்றில், நால்வரும் கடைசியாகத் தங்கிய இடம் கண்ணில் பட்டது. அவர்களுடைய பொருள்கள் அங்கேயே கிடந்தன. கொள்ளையடிக்க வந்தவன் அவற்றை விட்டுப் போயிருக்க மாட்டான். அங்கிருந்து மேலே ஏறியபோதுதான் விபத்து நேர்ந்திருக்கிறது என்பது தெளிவானது. உடல்கள் கிடைக்கவில்லை. ஆனால் கிராமத்தார்மீது இருந்த பழி நீங்கியது.

இந்த நிகழ்வை நான் இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சான்று, அது எவ்வளவு சிறிதானாலும், இருந்த இடத்தில் இருந்தபடியே கிடைத்தால் என்ன செய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஊகங்கள் ஓராண்டு காலம் செய்ய முடியாததை ஒரு பாறையடியில் கிடந்த பைகள் செய்தன.

கோபுரங்களின் ஊரில்

அதே 1889ஆம் ஆண்டு கோடையில்தான் 29 வயதான செல்லாவும் தம்பி எர்மினியோவும் கேமராவுடன் காக்கசஸ் வந்து சேர்ந்தார்கள். அதன்பின் 1890லும் 1896லும் செல்லா மீண்டும் வந்தார்.

காக்கசஸின் தென்பகுதியில், இன்றைய ஜார்ஜியாவில், ஸ்வானெத்தி என்ற உயர்ந்த பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கு வாழும் ஸ்வான் மக்களுக்குச் சொந்த மொழி உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டோடு சேர்த்து ஒரு கல் கோபுரம் கட்டிக்கொண்டது. படையெடுப்பு வந்தாலும் குடும்பப் பகை வெடித்தாலும் உள்ளே ஏறிக் கதவை அடைத்துக்கொள்ள அது உதவியது. உஷ்குலி என்ற ஊர்த் தொகுதி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. பழைய கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் ஷ்காராவின் வெள்ளைச் சுவர். அந்த மேல் ஸ்வானெத்தி வட்டாரத்தை யுனெஸ்கோ 1996ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

செல்லா அங்கே மலைகளை மட்டும் எடுக்கவில்லை. கோபுரங்களை எடுத்தார். ஊர் மக்களை எடுத்தார். இரட்டைக் கொம்புபோல் நிற்கும் உஷ்பா சிகரத்தை எடுத்தார். 4,700 மீட்டர் உயரமுள்ள உஷ்பா இன்றும் மலையேறிகளை அஞ்ச வைக்கும் மலை. செல்லாவின் உஷ்பா படங்களில் ஒவ்வொரு பனி வெடிப்பும் ஒவ்வொரு பாறை மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். எனக்கு ஸ்வானெத்திப் படங்களில் பிடித்ததே இந்த முழுமைதான். மலையை அழகாகக் காட்ட வேண்டும் என்பதற்காக எதையும் அவர் மறைக்கவில்லை, மங்கலாக்கவும் இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம், உயரமான ஓரிடத்தில் நின்று கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வரிசையாகப் பல தகடுகளில் படமெடுப்பது. அவற்றை ஒட்டிவைத்தால் அடிவானம் முழுவதும் ஒரே அகன்ற காட்சியாக விரியும். இன்று திறன்பேசியில் ‘பனோரமா’ என்ற பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் காட்சியை அவர் பனிக்கோட்டுக்கு மேலே நின்று, தகடு தகடாகச் சேர்த்தார்.

காக்கசஸின் நல்ல வரைபடங்கள் அன்று இல்லை. எந்தச் சிகரம் எங்கே இருக்கிறது, எந்தப் பனியாறு எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது என்பதில் குழப்பம் இருந்தது. செல்லாவின் அகன்ற காட்சிகள் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவின. அதற்காகவே 1890ஆம் ஆண்டில் லண்டனில் உள்ள அரச புவியியல் கழகம் அவருக்கு மர்ச்சிசன் பரிசை வழங்கியது. காணாமல் போனவர்களைத் தேடிச் சென்ற ஃபிரெஷ்ஃபீல்ட் 1896ல் காக்கசஸ் பற்றி இரண்டு தொகுதிகளில் எழுதிய நூலில் செல்லாவின் படங்கள் இடம்பெற்றன. காக்கசஸில் ஒரு சிகரம் இன்று செல்லாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அலாஸ்கா முதல் கே2 வரை

இதன்பின் பெரிய பயணங்கள் அவரைத் தேடி வந்தன. 1897ஆம் ஆண்டில் அப்ரூட்சி கோமகனின் குழுவோடு அலாஸ்கா, கனடா எல்லையில் உள்ள செயின்ட் எலயஸ் மலைக்குச் சென்றார். 5,489 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்தவர்களில் செல்லாவும் ஒருவர்.

1899ஆம் ஆண்டில் ஃபிரெஷ்ஃபீல்டோடு சேர்ந்து டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டு, உலகின் மூன்றாவது உயர்ந்த மலையான கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தார். வழியில் கடும் பனிப்பொழிவு. ஆயினும் அந்தப் பயணத்தில் எடுத்த சினியால்சு சிகரத்தின் படம், உலகின் மிக அழகிய மலை எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் முன்வைக்கப்படுகிறது.

1906ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ருவென்சோரி மலைகளுக்குப் போனார். நம்மைப் போன்ற வெப்பமண்டலவாசிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்றைய உகாண்டா, கொங்கோ எல்லையில் இருக்கும் அந்த மலைகள் சிங்கப்பூரைவிடப் பூமத்திய ரேகைக்கு நெருக்கமானவை. ஆனால் 5,109 மீட்டர் உயரம் வரை எழுவதால் அங்கே பனி உண்டு. எப்போதும் மூடுபனி சூழ்ந்திருக்கும் மலை. மேகம் விலகும் சில நிமிடங்களுக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடம்.

கடைசியாக 1909ஆம் ஆண்டில், 50 வயதை எட்டும்போது, அதே கோமகனோடு காரக்கோரம் மலைகளுக்குப் போனார். 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரத்தின் உச்சியை அந்தக் குழு அடையவில்லை. அருகிலுள்ள சோகோலிசா மலையில் 7,500 மீட்டர் அளவுக்கு ஏறியது அன்றைய உலகச் சாதனை. பால்ட்டோரோ பனியாற்றையும் கே2 மலையையும் செல்லா பல திசைகளிலிருந்து பதிவுசெய்தார். 45 ஆண்டுகள் கழித்து, 1954ஆம் ஆண்டில், இத்தாலியக் குழு ஒன்று கே2 உச்சியை முதன்முதலில் அடைந்தபோது, 1909ல் கோமகனின் குழு முயன்று பார்த்த அதே முகட்டு வழியாகத்தான் ஏறியது.

எழுபதைத் தாண்டிய வயதிலும் செல்லா மேட்டர்ஹார்னில் ஏற முயன்றார். வழிகாட்டி ஒருவர் காயமடைந்ததால் திரும்ப நேர்ந்தது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி பிறந்த ஊரிலேயே காலமானார். அவருடைய படங்களைக் கண்டு வியந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ்.

அதே பாறை, அதே கோணம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் செல்லா ஒரு சிறந்த கலைஞராக மட்டும் நினைவில் இருந்திருப்பார். ஆனால் அவருடைய படங்களுக்கு வேறு வேலை காத்திருந்தது.

பனியாறு என்பது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டி ஆறு. மேலே விழும் பனியைவிடக் கீழே உருகுவது அதிகமானால் அது சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் சில பத்தாண்டுகளுக்குத்தான் உதவும். அதற்கு முந்தைய நிலையை யாரிடம் கேட்பது?

செல்லாவிடம் கேட்கலாம். இத்தாலியப் புகைப்படக் கலைஞர் ஃபாபியானோ வென்துரா 2009ஆம் ஆண்டில் காரக்கோரத்துக்கும் 2011ஆம் ஆண்டில் காக்கசஸுக்கும் விஞ்ஞானிகளோடு சென்றார். செல்லா போன்றோர் பழைய படங்களை எடுத்த அதே இடங்களைத் தேடிப் பிடித்து, அதே காட்சியை மீண்டும் படமெடுத்தார். எவரெஸ்ட் மலையேறியும் படத்தயாரிப்பாளருமான டேவிட் பிரெஷியர்ஸும் இதே முறையில் செல்லாவின் படங்களைப் பின்தொடர்ந்தார்.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் அழகான ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய படத்தில் அருகில் ஒரு பாறையும் தொலைவில் ஒரு சிகரமும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் பாறை, சிகரத்தைவிட்டு ஒரு பக்கம் விலகும். வலப்பக்கம் நகர்ந்தால் மறுபக்கம் விலகும். இப்படிப் பல பாறைகளும் சிகரங்களும் பழைய படத்தில் உள்ளபடியே பொருந்தும் இடம் ஒன்றுதான். அங்கே நின்றால், நூறாண்டுக்கு முன் செல்லாவின் முக்காலி நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். பிறகு அதே மாதம், அதே நேரம். நிழல்களும் பொருந்த வேண்டும் அல்லவா? பள்ளி வளாகத்திலேயே பழைய படம் ஒன்றை வைத்து இதை முயன்று பார்க்கலாம்.

முடிவுகள் என்ன சொல்கின்றன? காக்கசஸில் பனி வேகமாகக் குறைகிறது. ஜார்ஜிய விஞ்ஞானி லெவான் தியேலிட்ஸேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில் மட்டும் காக்கசஸ் பெருந்தொடரின் பனியாறுகள் தங்கள் பரப்பில் ஏறக்குறைய 23 விழுக்காட்டை இழந்துவிட்டன. ருவென்சோரியில் நிலைமை இன்னும் மோசம். செல்லா பார்த்த பனிவெளியில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. 2003ஆம் ஆண்டளவிலேயே அது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது.

காரக்கோரம் மட்டும் வேறு கதை சொல்கிறது. அங்கே பல பனியாறுகள் அண்மைக் காலம் வரை பெரிதாக மாறவில்லை. ஏன் என்று விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்கிறார்கள். செல்லாவின் பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் பனி மறைந்திருக்கும், இன்னோரிடத்தில் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இந்த இரண்டாவது முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. செல்லாவுக்குப் பருவநிலை மாற்றம் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. இன்று நாம் பேசும் பொருளில் அந்தச் சொல் அன்று புழக்கத்தில் இல்லை. ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்று அவர் படமெடுக்கவில்லை. கண்முன் இருந்ததை முழுமையாகவும் தெளிவாகவும் பதிந்து, எந்த இடம், எந்த ஆண்டு என்று குறித்து வைத்தார். அதனால்தான் அந்தப் படங்கள் கூடுவதையும் சொல்ல முடிகிறது, குறைவதையும் சொல்ல முடிகிறது. பாறையடியில் கிடந்த டான்கினின் பைகளைப்போல அவையும் யாருக்காகவும் வளைந்து கொடுக்காத சாட்சிகள்.

நம் கையில் இருப்பவை

புகைப்படத்தை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதை. நான் கேட்பது வேறு: போன ஆண்டு எடுத்த படம் ஒன்றைக் காட்டு, அது எங்கே, எப்போது, அதில் இருப்பவர் யார் என்று சொல். பெரும்பாலோர் தயங்குகிறார்கள்.

திறன்பேசிதான் தேதியையும் இடத்தையும் தானே பதிந்துகொள்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் ஒரு படத்தை வாட்ஸ்அப் போன்ற செயலிகள்வழி வழக்கமான முறையில் அனுப்பும்போது அந்த விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பெறுபவரிடம் போய்ச் சேர்வது வெறும் படம்தான். மேலும், படத்தில் இருக்கும் பாட்டியின் பெயரை எந்தத் திறன்பேசியும் தானாக எழுதி வைக்காது. அழகுக்காக வானத்தின் நிறத்தை மாற்றி, பின்னால் இருந்த மரத்தை அழித்துவிட்டால், அந்தப் படம் நாளை யாருக்கும் சாட்சி சொல்லாது. விளையாட்டுக்கு மாற்றுங்கள், தவறில்லை. மாற்றாத ஒரு படியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இளையர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். மூன்றுக்கும் செலவு இல்லை.

முதலாவது, ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளமாக இருக்கலாம், ஒரு கடற்கரையாக இருக்கலாம், பள்ளிக்கு முன்னால் உள்ள மழைமரமாக இருக்கலாம். நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில், ஒரே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். பத்தே ஆண்டில் நீங்கள் எதிர்பாராத எதையோ அது காட்டும். சிங்கப்பூரைப்போல் வேகமாக மாறும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை.

இரண்டாவது, படத்தோடு மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: இடம், நாள், பெயர்கள். கோப்பின் பெயரிலேயே எழுதலாம்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டி, யார், எங்கே என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பேனா மை காலப்போக்கில் ஊடுருவும். மூன்றில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மற்ற இரண்டும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டிய கேள்வி இது.

செல்லாவின் தகடுகளும் படங்களும் இன்று பியெல்லாவில், குடும்பத்தின் பழைய கம்பளி ஆலையில் இயங்கும் செல்லா அறக்கட்டளையின் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மலையில் குதிரை முதுகிலும் மனிதர் முதுகிலும் உடையாமல் இறங்கி வந்த கண்ணாடி அது. காக்கசஸில் அடுத்த முறை யாராவது பனியை அளக்கப் போகும்போது, 1889ல் எது எங்கே இருந்தது என்று அவற்றிடம்தான் கேட்டுவிட்டுப் போவார்கள்.